நின்று நின்று நடந்த நாடி

ஐயா முதன்முறையாக விழுந்தது 1989ஆம் ஆண்டு மாரியில், எங்கள் கிணற்றடியில். வாளி கிணற்றுக்குள் விழுந்த சத்தம் கேட்டு நான் ஓடிச்சென்றபோது அவர் சீமெந்துத் தரையில் மல்லாந்து கிடந்தார். முகம் சாம்பல் நிறமாக வெளிறியிருந்தது. அரை நிமிடம்கூடச் சென்றிராது. முகத்தில் குப்பென்று இரத்தம் பரவியது, கண்கள் திறந்தன. "வாளி எங்கை?" என்பதே அவர் கேட்ட முதல் வார்த்தை. தாம் விழுந்ததே அவருக்குத் தெரியவில்லை.

அயலவர்கள் அதனைக் காக்கைவலிப்பு என்றனர். பக்கத்து வீட்டு ஆச்சி திறப்புக் கோர்வையைக் கொண்டுவந்து அவருடைய கையில் திணித்தார். பின்னர் இரண்டு தடவைகள் விழுந்தபோது ஒரு வைத்தியரிடம் கூட்டிச்சென்றோம். விழுந்த விபரத்தைக் கேட்டுக்கொண்ட அவர் வலிப்புக்குரிய மாத்திரைகளை எழுதிக் கொடுத்தார். இது நடந்து சில மாதங்களின் பின்னர், முழங்கால் நோவுக்கு எண்ணெய் வாங்குவதற்காக ஐயா எங்கள் ஊர்ப் பரியாரியாரிடம் சென்றார். பரியாரியார் வழக்கப்படி கையைப் பிடித்து நாடி பார்த்தார். நெடுநேரம் விடவில்லை. "மாஸ்டர், உங்கடை நாடி நிண்டு நிண்டு நடக்குது" என்றார். எண்ணெயுடன் ஏதோ ஒரு குளிசையும் தந்தார்.

வைத்தியருக்கு வீழ்ச்சி தெரியும்; நாடி தெரியாது. பரியாரியாருக்கு நாடி தெரியும், வீழ்ச்சி தெரியாது. முழங்காலைப் பற்றிப் பேசச் சென்ற ஐயா அதனைச் சொல்லவுமில்லை. இரண்டையும் அறிந்திருந்தவர்கள் வீட்டிலிருந்த நாங்கள்தான். ஆனால் இரண்டையும் சேர்த்துப் பார்க்கவேண்டுமென்பது எங்களுக்குத் தெரியாது. 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டது. கொழும்புக்கான பாதை மூடப்பட்டது. குடாநாட்டில் மின்சாரம் இல்லாமற் போயிற்று. 1991 பெப்ரவரியில் ஒருநாள் விடியற்காலை ஐயா விழுந்தார். அந்தத் தடவை எழும்பவில்லை. அவருக்கு அறுபத்து மூன்று வயது.

இந்தக் கதையை இப்போது எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. 2019ஆம் ஆண்டு, அலுவலகத்தில் காப்புறுதிக்காக நடந்த மருத்துவப் பரிசோதனையில் தாதி என் மணிக்கட்டைப் பிடித்து எண்ணினார். புருவத்தை உயர்த்தினார். மீண்டும் எண்ணினார். "46" என்று எழுதினார். அன்றிரவிலிருந்து நானும் எண்ணத் தொடங்கினேன். ஒரு நாளைக்கு இருபது தடவை, முப்பது தடவை, செய்தி ஆசிரியர் கூட்டத்தில் மேசைக்கடியில் கையை மறைத்துக்கொண்டு, பஸ்ஸில், நித்திரைக்குப் போகுமுன், நடுச்சாமத்தில் விழித்தெழுந்து. இதயம் எனக்குத் தந்த துன்பத்தைவிட அந்த இலக்கம் தந்த துன்பம் அதிகம். பத்திரிகைக்காரனுக்குப் பயம் வந்தால் அவன் செய்வது ஒன்றுதான். பழைய தாள்களைக் கிளறுவான். நானும் கிளறினேன். கிடைத்தவற்றுட் சிலவற்றை இங்கு தருகிறேன்.

நாடியை எண்ணுவது என்பதே மனித குலத்தின் பிந்திய பழக்கம். கி.மு. 3ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த ஹெரோஃபிலஸ் நீர்க்கடிகாரத்தைக் கொண்டு நாடியை அளந்ததாக ஒரு பழங்குறிப்பு உண்டு. ஆயினும் அந்த வழக்கம் நிலைக்கவில்லை. அவருக்குப் பின் உரோமாபுரியில் புகழ்பெற்ற கேலன் நாடியைப் பற்றிப் பல நூல்களை எழுதினார். அவற்றில் அவர் நாடியின் வலிமை, ஒழுங்கு, விரைவு, நிறைவு ஆகியவற்றை வகைவகையாகப் பிரித்தாரே தவிர, இத்தனை என்று எண்ணிச் சொல்லவில்லை. நமது சித்த வைத்தியமும் அப்படித்தான். வாதம், பித்தம், ஐயம் என்று மூன்று விரல்களின் கீழே மூன்று நாடிகள். அவை ஒன்றுக்கு அரை, கால் என்ற அளவில் நிற்கவேண்டும். வாதம் அன்னம்போலவும் கோழிபோலவும், பித்தம் ஆமைபோலவும் அட்டைபோலவும், ஐயம் தவளைபோலவும் பாம்புபோலவும் நடக்கும் என்பார்கள். அங்கே கேள்வி எத்தனை என்பதன்று, எப்படி நடக்கிறது என்பதே. எங்கள் பரியாரியார் சொன்ன வாசகத்திலும் எண் இருக்கவில்லை, நடைதான் இருந்தது.

கேலன் தம்மைப் பற்றிப் பெருமையோடு எழுதிவைத்த ஒரு சம்பவம் இவ்விடத்தில் நினைவுக்கு வருகிறது. யுஸ்துஸ் என்பவரின் மனைவிக்கு நித்திரையில்லை. கட்டிலில் புரண்டுகொண்டே இருப்பார். கேட்டால் பதில் சொல்லமாட்டார். கேலன் அவரைப் பார்க்கச் சென்றிருந்த சமயம், வெளியிலிருந்து வந்த ஒருவர் நாடக அரங்கில் பிலாதேஸ் என்ற நடனக் கலைஞன் ஆடுவதைப் பார்த்ததாகச் சொன்னார். உடனே அப்பெண்ணின் முகம் மாறியது. கேலன் மணிக்கட்டில் விரலை வைத்தார். நாடி தாறுமாறாக ஓடியது. அடுத்தடுத்த நாட்களில் வேறு கலைஞர்களின் பெயர்களை வேண்டுமென்றே சொல்லவைத்துப் பார்த்தார், நாடி அசையவில்லை. பிலாதேஸின் பெயர் மீண்டும் வந்ததும் அது குழம்பியது. உடலில் நோயில்லை, மனத்தில் ஒன்று இருக்கிறது என்று முடிவு செய்தார். மனக்கவலை நாடியில் தெரியும் என்பது ஆயிரத்து எண்ணூறு ஆண்டுகளுக்கு முந்திய அறிவு. ஆனால் கேலனுடைய நோயாளி தன் நாடியைத் தானே பிடித்துப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கவில்லை. அந்த வினை பின்னால் வந்தது.

17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இத்தாலியில் சந்தோரியோ என்ற மருத்துவர் நூலில் ஓர் எடையைக் கட்டித் தொங்கவிட்டு ஊசலாக ஆடவிட்டார். ஊசலின் ஆட்டமும் நோயாளியின் நாடியும் ஒத்துவரும்வரை நூலை நீட்டுவார் அல்லது குறைப்பார். நாடி மெதுவாயின் நூல் நீளும். ஆகவே நாடியின் அளவு அவருக்கு ஒரு நீளம். அன்று நான் அவரிடம் சென்றிருந்தால் 46 என்று கேட்டுப் பயந்திருக்கமாட்டேன். என் நூலின் நீளத்தைக் கேட்டுப் பயந்திருப்பேன் போலும்.

நிமிடத்திற்கு இத்தனை என்ற கணக்கை நடைமுறைக்குக் கொண்டுவந்தவர் இங்கிலாந்தின் லிச்ஃபீல்ட் நகர மருத்துவர் சேர் ஜோன் ஃப்ளோயர். சாதாரணக் கடிகாரங்களில் வினாடி முள் இல்லாத காலம் அது. ஒரு நிமிடம் ஓடி நிற்கத்தக்க கடிகாரம் ஒன்றைச் செய்வித்து, அதைக்கொண்டு நோயாளிகளின் நாடியை எண்ணி, 1707இல் ஒரு நூலை வெளியிட்டார். (அகராதி செய்த சாமுவேல் ஜோன்சன் குழந்தையாக இருந்தபோது, கண்டமாலை நோய் தீர அரசியின் கைபடவேண்டும் என்று லண்டனுக்கு அனுப்பச் சொன்னவரும் இதே ஃப்ளோயர்தான். கடிகாரமும் அரசியின் கையும் ஒரே தலைக்குள் சண்டையின்றி வாழ்ந்திருக்கின்றன.) நாடி விரைந்தால் குளிரூட்டும் மருந்து, மெதுவாயின் சூடூட்டும் மருந்து என்பது அவருடைய வைத்தியம். எண் வந்த கையோடு, அந்த எண்ணைச் சரிசெய்யவேண்டும் என்ற எண்ணமும் வந்துவிட்டது.

இனி ஐயாவின் நோய்க்கு வருகிறேன். 2006ஆம் ஆண்டு, எமது பத்திரிகையின் மருத்துவப் பக்கத்திற்காக ஒரு கட்டுரையை மொழிபெயர்த்துக்கொண்டிருந்தபோதுதான் அதன் பெயரையும் வரலாற்றையும் முதன்முதலில் அறிந்தேன்.

17ஆம் நூற்றாண்டின் கடைசிப் பத்தாண்டில், இன்று ஸ்லோவேனியாவின் தலைநகராயுள்ள லுப்லியானாவில் மார்க்கோ கெர்பெட்ஸ் என்ற மருத்துவர் ஒரு நோயாளியைப் பற்றி எழுதினார். திடகாத்திரமான மனிதர். அவருக்கு ஒரு நாடித்துடிப்பு வந்து அடுத்தது வருவதற்குள், நலமுள்ள ஒருவருக்கு மூன்று துடிப்புகள் கடந்துவிடுமாம். அவருக்குத் தலைச்சுற்றும் இடைக்கிடை இலேசான வலிப்பும் இருந்தன. பாதுவா பல்கலைக்கழகத்தின் மொர்காக்னி 1761இல் வெளியிட்ட பெருநூலிலும் இத்தகைய நோயாளிகள் வருகின்றனர். அவர் இதனை மெதுநாடியோடு கூடிய வலிப்பு என்றே குறித்தார். வீழ்ச்சியும் நாடியும் ஒரே வாக்கியத்தில் வந்துவிட்டன. ஆனால் நோய் எங்கே என்ற கேள்விக்கு வலிப்பு என்ற சொல்லே பதிலாக நின்றது, அதாவது மூளையில்.

1827ஆம் ஆண்டு டப்ளின் மருத்துவமனை அறிக்கைகளில் ரொபேர்ட் அடம்ஸ் எழுதிய குறிப்பை வாசித்தபோது எனக்குக் கை நடுங்கியது. நோயாளி அறுபத்தெட்டு வயதான, வருவாய்த்துறை அதிகாரி ஒருவர். நாடி நிமிடத்திற்கு 30. ஏழு ஆண்டுகளில் இருபது தடவைகளுக்குக் குறையாமல் நினைவிழந்து விழுந்திருக்கிறார். இவற்றைச் சன்னி என்று எண்ணி மற்றவர்கள் வைத்தியம் செய்திருக்கின்றனர். ஆனால் ஒரு தடவையேனும் கைகால் வழங்காமற் போகவில்லை என்பதை அடம்ஸ் கவனித்தார். மூளை கெட்டிருந்தால் அதன் தடம் எங்கே? தடமில்லையாயின் மூளை குற்றவாளியன்று. அது பட்டினி கிடந்த அப்பாவி. குற்றம் இதயத்தில் இருக்கிறது என்பதுதான் அவருடைய வாதத்தின் சாரம். எழும்பிய உடனே வாளியைத் தேடிய ஐயாவின் முகம் என் கண்முன்னே வந்தது.

பத்தொன்பது ஆண்டுகள் கழித்து அதே டப்ளினில் வில்லியம் ஸ்டோக்ஸ் நிரந்தர மெதுநாடி பற்றிய தமது அவதானிப்புகளை வெளியிட்டார். அவருடைய நோயாளி ஒருவருக்கும் வயது அறுபத்தெட்டு, நாடி 28. அந்த மனிதர் தாமாகவே ஓர் உபாயத்தைக் கண்டுபிடித்து வைத்திருந்தார். மயக்கம் வரப்போவதை உணர்ந்ததும் கைகளையும் முழங்கால்களையும் தரையில் ஊன்றித் தலையைத் தாழ்த்திக்கொள்வார். பல தடவைகள் அதனால் தப்பினார். மருத்துவ உலகம் இந்த வீழ்ச்சிகளுக்கு ஸ்டோக்ஸ்–அடம்ஸ் என்று பெயரிட்டுள்ளது. அந்த முதியவர் நாலுகாலில் நின்று கண்ட வைத்தியத்திற்குப் பெயரில்லை.

இதயம் ஏன் மெதுவாகிறது? 1845இல் ஜெர்மனியின் வெபர் சகோதரர்கள் வேகஸ் நரம்பைத் தூண்டினால் இதயம் தளர்ந்து நின்றுவிடுவதைக் காட்டினர். ஓடுவதற்குத் தூண்டுதல் உண்டென்பதை எவரும் நம்புவர். நிறுத்துவதற்கென்றும் ஒரு நரம்பு உண்டென்பது அன்று புதுமை. இரத்தம் எடுக்கும் ஊசியைக் கண்டு சிலர் மயங்கி விழுவது இந்த நரம்பின் வேலைதான். பயம் பெரும்பாலும் நாடியை விரட்டும். சிலவேளை இப்படித் திடீரென்று இழுத்தும் பிடிக்கும்.

துடிப்பு எங்கே பிறக்கிறது என்பது இன்னும் பிந்தித்தான் தெரியவந்தது. 1893இல் வில்ஹெல்ம் ஹிஸ், இதயத்தின் மேலறைகளையும் கீழறைகளையும் இணைக்கும் மெல்லிய கற்றையைக் கண்டார். 1906இல் ஜெர்மனியில் ஆய்வு செய்த ஜப்பானியரான தவாரா அந்தக் கற்றையின் முழு வழியையும் வரைந்தார். அதே ஆண்டின் கோடையில் இங்கிலாந்தின் கென்ட் கிராமமொன்றில் ஆர்தர் கீத்தும், இறைச்சிக்கடைக்காரரின் மகனான மார்ட்டின் ஃப்ளாக் என்ற மருத்துவ மாணவனும் பல பிராணிகளின் இதயங்களைச் சீவி உருப்பெருக்கியில் பார்த்துக்கொண்டிருந்தனர். ஒருநாள் மாலை கீத் மனைவியோடு பழத்தோட்டங்களூடாகச் சைக்கிளில் சுற்றிவிட்டு வீட்டுக்கு வந்தபோது, ஃப்ளாக் பரபரப்போடு காத்திருந்தான். அகழெலி ஒன்றின் வலது மேலறையில் விசித்திரமான ஓர் இழைக்கூட்டத்தைக் கண்டிருந்தான். சைனஸ் கணு என்று இன்று நாம் அழைக்கும் துடிப்பின் பிறப்பிடம் அதுதான். 1907இல் அதை வெளியிட்டனர்.

மெதுநாடியில் இரண்டு வகைகள் இருப்பது இதன் பிறகே தெளிவாயிற்று. சைனஸ் கணுவே ஆறுதலாகத் துடிப்பது ஒன்று. கணு சரியாகத் துடித்தும், அதன் செய்தி கற்றை அறுந்ததால் கீழறைகளைச் சென்றடையாதது மற்றொன்று. நெடுந்தூர ஓட்டக்காரர்களுக்கும், நல்ல நித்திரையில் நம் எல்லோருக்கும் இருப்பது முதல் வகை. டப்ளின் முதியவர்களுக்கு இருந்தது இரண்டாவது. எனது ஐயாவுக்கும் அதுவாகவே இருந்திருக்கவேண்டும். விரலுக்கு இரண்டும் ஒன்றுதான். ஐந்தோவன் லைடன் நகரில் உருவாக்கிய இதய மின்வரைவுக் கருவிதான் அவற்றைப் பிரித்துக் காட்டிற்று. குடாநாட்டில் மின்சாரம் இருந்த காலத்திலேயே ஐயாவை அப்படியொரு கருவியின் முன் படுக்கவைத்திருக்கலாம். எமக்குத் தோன்றவில்லை. இதை எத்தனை தடவை எழுதினாலும் ஆறாது.

இதயத்தைப் பற்றிய பயத்திற்கும் தனியான வரலாறு உண்டு. அமெரிக்க உள்நாட்டுப் போரில், படபடப்பும் நெஞ்சுநோவும் களைப்பும் என்று வந்த நூற்றுக்கணக்கான போர்வீரர்களை ஜேகப் டா கொஸ்டா பிலடெல்பியாவில் பரிசோதித்தார். முந்நூறு பேரை ஆராய்ந்து 1871இல் எழுதிய கட்டுரையில் அதனை எரிச்சலுற்ற இதயம் என்றார். இதயத்தில் பழுது எதுவும் பிடிபடாதவர்கள் பலர் அவர்களிடையே இருந்தனர். முதலாம் உலகப் போரில் பிரித்தானியப் படையிலும் அதே முறைப்பாடு பெருகியது. தோமஸ் லூயிஸ் அதற்கு வேறு பெயரிட்டார். படுக்கையில் கிடத்துவதை விட்டுப் படிப்படியாக உடற்பயிற்சி செய்வித்தார். 1941இல் லண்டனின் போல் வூட், இந்நோயாளிகளிடம் உள்ளது இதயநோயன்று, இதயத்தின் மீது குவிந்துவிட்ட பயமே என்று வாதிட்டார். எழுபது ஆண்டுகளாக ஒரே துன்பம் பெயரை மட்டும் மாற்றிக்கொண்டு நின்றது. இந்த ஆவணங்களில் எனக்குப் பிடித்தது ஒன்றுண்டு. இவர்களில் எவரும் அந்தப் படபடப்பைப் பொய் என்று சொல்லவில்லை. சிப்பாய் உண்மையாகவே துன்பப்பட்டான். காரணம்தான் அவன் நினைத்த இடத்தில் இல்லை.

என்னுடைய இக்கட்டு இதில்தான் இருந்தது. சிப்பாயின் நோயும் டப்ளின் முதியவரின் நோயும் ஒரே குடும்பத்தில் வந்தால் என்ன செய்வது? என் பயத்தை வெறும் பயமென்று ஒதுக்க முடியாதபடி ஐயா இருந்தார். போதாக்குறைக்கு அண்ணாவும் இருந்தார். ரொறன்ரோவில் வசிக்கும் அவர் 2014இல் சமையலறையில் விழுந்தார். அம்புலன்ஸில் வைத்தே கருவி காட்டிவிட்டது. மேலறைகள் ஒழுங்காகத் துடிக்க, கீழறைகள் தம்பாட்டில் முப்பத்துச்சொச்சமாகத் துடித்துக்கொண்டிருந்தன. மறுநாளே பேஸ்மேக்கர் வைத்தார்கள். ஐயாவுக்கு இரண்டு ஆண்டுகளில் கிடைக்காத விடை அண்ணாவுக்கு இருபது நிமிடத்தில் கிடைத்தது.

அந்தப் பேஸ்மேக்கரின் கதையும் சொல்லத்தக்கது. 1952இல் பொஸ்டனில் போல் சோல், நெஞ்சின் மேல் மின்வாய்களை வைத்துத் தோலினூடாக மின்சாரம் பாய்ச்சி நின்றுபோகும் இதயத்தைத் துடிக்கவைத்தார். உயிர் காத்தது, ஆனால் ஒவ்வொரு துடிப்பும் வலித்தது. பிறகு வந்த கருவிகளும் சுவரிலுள்ள மின்சாரத்தை நம்பியே இருந்தன. 1957 ஒக்டோபர் 31ஆம் திகதி மினியாபொலிஸ் நகரில் மின்சாரம் நின்றது. சத்திரசிகிச்சை செய்த குழந்தைகளை இக்கருவிகளால் காத்துவந்த டொக்டர் லில்லஹை, மின்கருவிகளைத் திருத்திக்கொடுக்கும் ஏர்ல் பாக்கன் என்ற இளைஞரிடம் பற்றரியில் இயங்கும் ஒன்றைக் கேட்டார். பாக்கன், இலத்திரனியல் சஞ்சிகை ஒன்றில் வந்திருந்த, சங்கீதத்திற்குத் தாளம் காட்டும் கருவியின் சுற்றுவரைபடத்தைக் கொண்டு சில வாரங்களில் அதைச் செய்து முடித்தார். மின்தடையிலிருந்து பிறந்த கருவி என்று வாசித்தபோது, மண்ணெண்ணெய் விளக்கில் கிடந்த 1991ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்தை நினைக்காமல் இருக்க முடியவில்லை.

உடலுக்குள் வைக்கும் முதற்கருவி சுவீடனில் வந்தது. ஆர்னே லார்சன் என்ற நாற்பத்து மூன்று வயது மனிதருக்கு நாளொன்றுக்கு இருபது முப்பது தடவை ஸ்டோக்ஸ்–அடம்ஸ் மயக்கம் வந்துகொண்டிருந்தது. அவருடைய மனைவி எல்ஸ்-மாரி, சத்திரசிகிச்சை நிபுணர் ஓக்கே சென்னிங்கையும் பொறியியலாளர் ரூனே எல்ம்க்விஸ்ட்டையும் விடாது துரத்தினார். மனிதருக்கு வைக்கத்தக்க கருவி இன்னும் இல்லை என்ற பதிலை அந்தப் பெண் ஏற்கவில்லை. எல்ம்க்விஸ்ட், காலணிக்குப் பூசும் கிவி பொலிஷ் டப்பாவை அச்சாக வைத்துப் பிசினை வார்த்துக் கருவியைச் செய்தார். 1958 ஒக்டோபர் 8ஆம் திகதி அதனைப் பொருத்தினர். சில மணித்தியாலங்களில் அது நின்றுவிட்டது. கைவசமிருந்த இரண்டாவதைப் பொருத்தினர். அதுவும் நெடுநாள் உழைக்கவில்லை. ஆயினும் லார்சன் பிழைத்தார். வாழ்நாளில் மொத்தம் இருபத்தாறு கருவிகளை மாற்றி, தமக்குக் கருவி செய்தவரையும் பொருத்தியவரையும் கடந்து, 2001 டிசம்பரில் எண்பத்தாறாவது வயதில் காலமானார். காரணம் இதயமன்று, தோற்புற்றுநோய்.

என்னைப் பார்த்த இதயநோய் நிபுணர் அதிகம் பேசுபவரல்லர். ஐயாவின் கதையையும் அண்ணாவின் கதையையும் இடைமறிக்காமல் கேட்டார். நான் எழுதிச் சென்ற நாடிக் கணக்குக் கொப்பியைப் புரட்டிப் பார்த்து மூடிவைத்தார். பின்னர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்:

"விழுந்தீர்களா?"

"இல்லை, டொக்டர்."

"விழப்பார்த்தீர்களா? கண் இருட்டியதா? மாடிப்படி ஏறினால் நாடி கூடுகிறதா?"

கூடுகிறது என்றேன். மின்வரைவு எடுத்தார், தைரொயிட்டுக்கு இரத்தம் சோதிப்பித்தார், வேறு நோய்க்கு எடுக்கும் மாத்திரைகளைக் கேட்டார். மெதுநாடிக்கு மருந்துகளும் காரணமாகலாம். பதற்றத்தால் வரும் படபடப்புக்குப் பல காலமாகக் கொடுக்கப்படும் புரொப்ரனோலோல் நாடியைத் தளர்த்தும் மருந்து. என்னைப் போன்றவர்களுக்கு அந்த வழி இலகுவில் திறவாது. ஓடும் பட்டியில் நடக்கவிட்டார். நாடி 140ஐத் தாண்டியது. எண்ணும் விரலை நம்பவேண்டாம் என்றும் சொன்னார். இடையில் முந்திக்கொண்டு வரும் துடிப்பு ஒன்று மணிக்கட்டை எட்டாமலே போகலாம். அப்போது எழுபது துடிக்கும் இதயம் விரலுக்கு முப்பத்தைந்தாகத் தெரியும். அதன் பின் வரும் துடிப்பு பலமாக இடிக்கும். அந்த இடியைத்தான் இதயம் நின்று துவங்கியதாக நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அறுபதுக்குக் கீழே போனால் நோய் என்பது வசதிக்காக வைத்துக்கொண்ட ஒரு வட்ட எண். அமெரிக்க இதயநோய் அமைப்புகள் 2018இல் வெளியிட்ட வழிகாட்டி ஐம்பதை எல்லையாக எடுத்துக்கொள்கிறது. சைனஸ் கணுவின் மெதுவான துடிப்புக்கு, இந்த இலக்கத்திற்குக் கீழே போனால் கருவி வைக்கவேண்டும் என்று எந்த எல்லையையும் அது வகுக்கவில்லை. அறிகுறியும் மெதுநாடியும் ஒரே வேளையில் வருகின்றனவா என்பதே அங்கே கேள்வி. கற்றை அறுந்த கடும் வகை மட்டும் வேறு. அதில் அறிகுறி இல்லாவிட்டாலும் கருவி வேண்டும்.

குடும்ப வரலாற்றை முன்னிட்டு எனக்கு இருபத்து நான்கு மணிநேர ஹோல்டர் பதிவும் செய்யப்பட்டது. அமெரிக்காவின் மொன்டானாவில் நோர்மன் ஹோல்டர் 1949இல் செய்த முதற்கருவி முதுகில் சுமக்கும் மூட்டை. ஏறத்தாழ 38 கிலோ எடை. என்னுடையது ஒரு தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிது. அன்றிரவு என்ன செய்தேன் என்பதை நேரத்தோடு ஒரு தாளில் எழுதச் சொல்லியிருந்தார்கள். ஒன்றரை மணிக்கு விழிப்பு, இதயம் நிற்பதுபோன்ற உணர்வு, பயம் என்று எழுதினேன். இரண்டேகாலுக்கும் அதையே எழுதினேன்.

முடிவு வந்தபோது நிபுணர் அந்தத் தாளையும் பதிவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். நான் பயந்துகொண்டிருந்த ஒன்றரை மணிக்கு என் இதயம் 72. இரண்டேகாலுக்கு 69. மிகக் குறைந்தது 39. அது நான்கு மணி ஏழு நிமிடத்திற்கு. அந்த நேரத்திற்கு எதிரே தாளில் ஒன்றும் இல்லை. நான் நித்திரை. கற்றையில் பழுது எதுவும் இல்லை. இரண்டு வருடத்திற்கு ஒருமுறை வந்து மின்வரைவு எடுங்கள், விழுந்தால் உடனே வாருங்கள் என்று சொல்லி, பதற்றத்திற்காக ஒரு மனநல வைத்தியரிடம் கடிதம் தந்தார். போனேன். முதல் மாதம் எண்ணுவதை நாளுக்கு ஐந்து தடவையாகக் குறைக்கவேண்டும் என்பதுதான் அவர் தந்த முதல் வேலை. சிகரெட்டை விட்டதைவிட அது கடினமாக இருந்தது. இன்று பெரும்பாலும் எண்ணுவதில்லை. சில இரவுகளில் எண்ணுகிறேன். மகள் பரிசளித்த, நாடி காட்டும் கைக்கடிகாரம் பெட்டியிலேயே கிடக்கிறது. அவளுக்கு அதில் மனவருத்தம்.

2023 ஓகஸ்டில் அண்ணா ஊருக்கு வந்திருந்தார். கிணற்றில் இப்போது நீரிறைக்கும் மோட்டார் பூட்டியாயிற்று, துலாவும் இல்லை. குழாயடியில் குளித்துவிட்டுத் துவாயோடு நின்றவரின் இடது காரையெலும்புக்குக் கீழே ஒரு சிறு மேடு தெரிந்தது. நான் பார்ப்பதைக் கண்டு, "தொட்டுப் பார்" என்றார். தொட்டேன். தோலுக்கடியில் கெட்டியாக, தட்டையாக, ஒரு நாணயத்தைவிடப் பெரிதாக இருந்தது. துடிக்கும் என்று எதிர்பார்த்திருந்தேன், அது துடிக்கவில்லை.

"பற்றரி முடியப்போகுது. அடுத்த வருசம் மாத்த வேணுமாம்" என்றார். பிறகு, மத்தியானத்துக்கு மீன் வாங்கியாயிற்றா என்று கேட்டார்.